பழுப்பு ஒயர்

"குப்புராஜை அனுப்பிடுங்கம்மா" என்றார் தணிகாசலம்.

குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

தணிகாசலம் மடத்துக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. ஐம்பதைத் தாண்டியவர். குருவைவிட மூத்தவர், ஆனாலும் சீடர். குப்புராஜ் பல வருடச் சீடர், தணிகாசலத்தின் எதிர்க் குடிசைக்காரர்.

தணிகாசலம் குற்றங்களை அடுக்கினார். விடியற்காலைத் தியானத்தில் குப்புராஜ் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். நேற்றுக் குறட்டையே விட்டார். துணி துவைப்பதும் அவர்தான். துவைத்த தன் விரிப்பில் மணல் நெறுநெறுக்கிறது. தனக்கு இந்தத் தூக்கத் தொல்லையே கிடையாது, படுத்தால் விடியும்போதுதான் தெரியும். இப்படிப்பட்டவர் பக்கத்தில் உட்கார்ந்தால் தன் மனமும் நிலைக்க மாட்டேன் என்கிறது.

"எப்ப அனுப்பலாம்?"

"இன்னிக்கே."

"படகு ஓடலையே."

உண்மைதான். மடம் இருப்பது கழிமுகத்து நடுவே ஒரு திட்டில். அக்கரைக்குப் போக ஒரே படகு, பேட்டரி மோட்டார் வைத்தது. போன மாதம்தான் யாரோ ஒருவர் காணிக்கையாகக் கொடுத்துப் போனார். பகலெல்லாம் சோலார் பேனல் வெயில் வாங்கும். மாலையில், இருட்டப்போகிறதென்று யாரும் கழிமுகத்தைக் கடக்காத நேரத்தில்தான் பேட்டரி நிறைந்திருக்கும். காலையில் பார்த்தால் செத்துக்கிடக்கும்.

"நீங்களே சரிபண்ணுங்க" என்றார் குரு. "ஓடுற அன்னைக்கு அதுலயே அவரை அனுப்பிடலாம்."

தணிகாசலத்துக்கு அது பிடித்த வேலை. ஒரு பொருள் ஏன் ஓடவில்லை என்று குடைவதில் அவருக்கு எப்போதும் ஒரு ருசி.

பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளையைச் சமையல் சோடாவும் வெந்நீரும் விட்டுத் தேய்த்தார். மூடிகளைத் திறந்து பார்த்தார். எந்த அறையிலும் நீர் குறையவில்லை. பேனலிலிருந்து மின்சாரம் ஒழுங்காக வந்தது. மாலையில் மீட்டர் முழுசாகக் காட்டியது.

மறுநாள் காலை, மறுபடி காலி.

குப்புராஜ் கண்ணைக் கசக்கியபடி துறையில் வந்து நின்றார். தன்னை அனுப்பப்போகும் செய்தி அவருக்கும் எட்டியிருந்தது.

"இதுவும் என்னை மாதிரிதான் சார். காலைல எழுப்பினா எழுந்திருக்காது."

தணிகாசலம் சிரிக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி முளைத்தது. உள்ளே வருவது சரியாகத்தான் வருகிறது. அப்படியானால் எங்கே போகிறது?

அன்று மாலை ஒவ்வொரு ஒயராகக் கழற்றி மீட்டர் வைத்தார். மோட்டார் ஒயரில் ஒன்றுமில்லை. விளக்கு ஒயரிலும் இல்லை. கடைசியாக ஒரு மெல்லிய பழுப்பு ஒயர், பின்பக்கத் தரைப்பலகைக்குக் கீழே ஓடி மறைவது. அதில் முள் அசைந்தது. சற்று நேரம் அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. யாரும் எந்த சுவிட்சையும் தொடவில்லை.

கழற்றினார். நுனியில் டேப் சுற்றினார். குருவிடம் விரைந்தார்.

"திருடன் கிடைச்சிட்டான்மா."

"எங்க போகுது அந்த ஒயர்?"

"எங்க போனா என்ன? கழட்டிட்டேன்."

 குரு, குப்புராஜைப் பை கட்டிக்கொள்ளச் சொல்லி ஆள் அனுப்பினார்.

விடிந்ததும் தணிகாசலம் துறைக்கு வந்தார்.

படகின் பின்பாதி தண்ணீருக்குள் இருந்தது. மோட்டார் தெரியவில்லை. கம்பத்தில் கட்டிய கயிறு முன்பாதியை மட்டும் தூக்கிப் பிடித்திருந்தது. பேட்டரி இருந்தது அங்கேதான், நனையாமல்.

என்ன செய்வதென்று தெரியாமல் அதில் மீட்டரை வைத்தார்.

முழுசு. ராத்திரி முழுக்கத் துளியும் குறையவில்லை.

இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் பின்பலகையைப் பெயர்த்தார். கீழே கைமுட்டியளவு ஒரு பம்ப். கசிந்து ஏறும் தண்ணீரைத் தானாகவே ஓடி வெளியே தள்ளுவது. அதிலிருந்து கிளம்பியது பழுப்பு ஒயர். மறுமுனையில் அவரே சுற்றிய டேப்.

குப்புராஜ் பையோடு வந்தார். படகைப் பார்த்தார். பையைக் கரையில் வைத்துவிட்டு, கொட்டாவி விட்டுக்கொண்டே கயிற்றைப் பிடித்துப் படகைக் கரைப்பக்கம் இழுத்தார், வாளியை எடுத்து இறைக்க ஆரம்பித்தார்.

தணிகாசலம் ஈர வேட்டியோடு குருவின் முன் போய் நின்றார்.

"அம்மா, குப்புராஜும் காலைல அந்த பேட்டரி மாதிரிதானே கிடக்கிறார். ராத்திரியில எங்க போறார்?"

குரு எழுந்தார். தணிகாசலத்தின் குடிசைக்கு நடந்தார். பாயில் கிடந்த விரிப்பை எடுத்து வாசலில் உதறினார்.

மணல் கொட்டியது. கறுப்பு மணல், கூடவே உடைந்த ஒரு சிப்பி. திட்டு முழுக்க வெள்ளை மணல். கறுப்பு மணல் இருப்பது துறையில், தண்ணீர் ஓரத்தில் மட்டும்.

"நேத்து இதைத் துவைச்சது நான்" என்றார் குரு.

தணிகாசலம் சிப்பியைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார்.

"தூக்கத்துல நடக்கிறேனா?"

"தண்ணியைப் பார்த்து. தினமும் இல்ல. என்னைக்குன்னு தெரியாததால, உங்களைத் திருப்பிக் கூட்டிட்டு வர அவர் தினமும் முழிச்சிருக்கார்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க பயந்து ஊருக்குப் போயிடுவீங்களாம். வேண்டாம்னார்."

துறையிலிருந்து குரல் வந்தது. "இறைச்சாச்சு சார். பையைப் படகுல வைக்கட்டுமா?"

 தணிகாசலம் பெட்டியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, தன் குடிசைக் கதவின் உள்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்றினார். வெளிப்பக்கம் வைத்து அளவு பார்த்தார்.

"பையை உங்க குடிசையில வச்சிட்டு வாங்க" என்றார். "கதவைப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்."