அம்பலவாணரின் தாம்பூலக் கை

முன்னொரு காலத்திலே புன்னைவரம் என்ற நாட்டைக் கோடீரவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்பது மரியாதைக்குச் சொல்வது. அந்த வருஷம் உண்மையில் நாட்டை ஆண்டது இருமல் காய்ச்சல்தான். அரண்மனைச் சேவகர்களைவிட ஒழுங்காக அது வீட்டுக்கு வீடு போய் வேலை பார்த்தது.

மூத்த அமைச்சர் அம்பலவாணருக்கும் மூக்கு ஒழுகியது. ஒழுகினால் என்ன, கை எதற்கு இருக்கிறது? கையில் தும்முவார், மேல்துண்டில் துடைப்பார், அதே கையால் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி அவையோருக்குத் தாம்பூலம் கொடுப்பார். வாங்காவிட்டால் அவமரியாதை. ஆகவே எல்லாரும் வாங்கினார்கள். வாங்கியவர்கள் மரியாதையாகப் படுக்கையில் விழுந்தார்கள்.

பக்கத்து ஆசனத்தில் இருந்த இளைய அமைச்சர் கூத்தபிரானுக்கு ஒருநாள் பொறுக்கவில்லை. "ஐயா, கையை அலம்பிவிட்டுக் கொடுக்கலாமே" என்றார்.

அவ்வளவுதான், அம்பலவாணர் ராஜாவிடம் ஓடினார். "பிரபு! என் கை அசுத்தமாம்! தங்களுக்குக் கிரீடம் எடுத்துக் கொடுத்த கை இது!"

"நாளை என் மகளுக்குச் சேனை வைக்கப்போவதும் இந்தக் கைதான்!" என்று ராஜா முழங்கினான். பிறந்த குழந்தையின் நாக்கில் பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கும் சடங்கு அது. "கூத்தபிரான்! அதற்குள் உன் சொல்லை நிரூபி. முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போ."

செய்தி கேட்ட அரசி திலகவதி குழந்தையை அணைத்துக்கொண்டு அழுதாள். பச்சைக் குழந்தை, அந்த இருமலைத் தாங்குமா? "வேண்டாம்" என்று கெஞ்சினாள். "பெரியவர் மனசு புண்படும்" என்றான் ராஜா. மகளின் நெஞ்சைப் பற்றி அவன் யோசிக்கவில்லை. பாவம், அவனுக்கு எத்தனையோ ராஜாங்க வேலை!

மறுநாள் சேனைச் சடங்குக்காக அரசியும் குழந்தையும் வந்திருந்த சபைக்குக் கூத்தபிரான் பணிவே உருவாக வந்தார். "மன்னியுங்கள் ஐயா" என்று அம்பலவாணர் தோளில் ஒரு புதுத்துண்டைப் போர்த்தினார். மங்கலத்துக்காக அதில் மஞ்சள்பொடி பூசியிருந்தார், கொஞ்சம் தாராளமாகவே.

"இப்போதாவது புத்தி வந்ததே!" என்று பூரித்த அம்பலவாணர் ஒரு தும்மல் போட்டார். துண்டால் மூக்கைத் துடைத்தார். சுண்ணாம்பைத் தொட்டார். ராஜாவுக்கு முதல் தாம்பூலம் மடித்துக் கொடுத்தார், பிறகு சபையைச் சுற்றி வந்தார். எல்லார் கையையும் பிடித்து வாழ்த்தினார். நடுநடுவே துண்டுக்கும் மூக்குக்கும் பஞ்சமில்லாமல் வேலை கொடுத்தார்.

கடைசியாகச் சேனைக் கிண்ணத்துக்குள் விரலை விடப்போனார்.

"நில்லுங்கள்!" என்று கூவினார் கூத்தபிரான். "பிரபு, சபையைப் பாருங்கள்."

தளபதியின் உள்ளங்கை சிவப்பு. புரோகிதரின் நெற்றி சிவப்பு. சிம்மாசனத்தின் கைப்பிடி சிவப்பு. அம்பலவாணரின் மூக்கோ பழுத்த மிளகாய்.

"என்ன மாயம் இது?" என்றான் ராஜா.

"மாயமில்லை பிரபு. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும், ஆரத்திக்கு ஆலம் கரைக்கும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். மஞ்சள் ஐயாவின் துண்டில் இருந்தது. துண்டு எங்கே போய்வந்தது என்று எல்லாரும் பார்த்தோம். தினமும் இப்படித்தான் நடக்கிறது. இன்றைக்கு நிறம் தெரிகிறது, அவ்வளவே."

"எனக்குச் சளியே இல்லை! மூக்கு லேசாக ஈரம்!" என்றார் அம்பலவாணர், மறுபடி தும்மிக்கொண்டே. பக்கத்தில் இருந்தவர்கள் முதல்முறையாக மரியாதையை மறந்து ஓடினார்கள்.

ராஜாவின் குரல் இறங்கிப்போனது. "ஐயா, குணமாகும்வரை தோட்டத்து வீட்டில் தனியாக இருங்கள். பிறகு அவை வாசலில் நின்று, வருகிறவர் கைக்கெல்லாம் தண்ணீர் ஊற்றுங்கள். கூத்தபிரான், இனி நீதான் மூத்த அமைச்சர். வா, நீயே சேனை வை."

"வேண்டாம் பிரபு. நானும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன். பெற்றவளே வைக்கட்டும்."

அரசி கையை அலம்பிவிட்டு வந்து மகளின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தாள். குழந்தை சப்புக் கொட்டியது. ராஜா ஆசையோடு இரு கையையும் நீட்டினான்.

அரசி சட்டென்று பின்வாங்கினாள். "முதலில் கண்ணாடியில் உங்கள் மீசையைப் பாருங்கள்."

மீசை செக்கச்செவேலென்று இருந்தது. கோடீரவர்மன் கிணற்றடிக்கு நடந்தான்.