ஒழுகாத தொட்டி

நெடுமடை நகரத்தின் நீர் அதிகாரி ஆவுடையப்பனுக்கு ஒழுகல் என்றால் ஆகாது. அவ்வளவுதான், ஆகாது. கல்யாண வீட்டுக்குப் போனால் சந்தனம் எடுப்பதற்கு முன்னால் அண்டாவின் அடியைக் குனிந்து பார்ப்பார். அங்கே ஈரம் இருந்தால் மாப்பிள்ளை வீட்டாரோடு சண்டைக்கே போய்விடுவார். அவர் வீட்டம்மா தலையில் அடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள்.

அப்படிப்பட்ட மனிதர் அன்று காலை வில்வண்டியை மடத்து வாசலில் நிறுத்திவிட்டு, ஒரு செருப்பை ஒரு பக்கமும் இன்னொன்றை வேறு பக்கமும் உதறிவிட்டு உள்ளே வந்தார். சித்திரை வெயிலும் கோபமும் சேர்ந்து முகம் வெந்துபோயிருந்தது.

மடத்துத் தலைவி சொக்கம்மை கூடத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். வயதில் ஆவுடையப்பனைவிட இளையவர். ஆனாலும் ஆவுடையப்பன் அவரைத்தான் குருவாக ஏற்றிருந்தார். வாய் நிறையத் 'தாயே' என்றுதான் கூப்பிடுவார். சொன்ன பேச்சைக் கேட்பாரா என்பது வேறு விஷயம்.

"தாயே, எனக்கு ஒரு பதில் வேணும்."

"உக்காருங்க."

"உக்கார நேரமில்லை."

"சரி, நின்னுக்கிட்டே கேளுங்க."

கேட்டார். கேட்டார் என்பதைவிடக் கொட்டித் தீர்த்தார் என்று சொல்லலாம்.

மலையடி ஏரியிலிருந்து நகரத்துக்கு வருகிற கால்வாய் அந்தக் காலத்து மண் கால்வாய். ஏரியை விட்டுப் புறப்படுகிற தண்ணீரில் பாதிதான் ஊர் வந்து சேரும், மீதியை வழியிலேயே மண் குடித்துவிடும். கோடை வந்தால் போதும், வடக்குத் தெருப் பொதுத்தொட்டியில் குடத்துக்குக் குடம் அடிதடி. பார்க்கச் சகிக்காமல் ஆவுடையப்பன் நகரசபையோடு மல்லுக்கட்டி, கால்வாய் நெடுகக் கல் பாவி, இடுக்கில் எல்லாம் சுண்ணாம்புக் காரை பூசி, ஒரு சொட்டுக்கூடக் கசியாமல் செய்துவிட்டார். இந்தக் கோடையில் வடக்குத் தெருவில் சண்டை இல்லை. சபையில் அவருக்கு மாலை போட்டார்கள்.

மாலை போட்ட கையோடு கால்வாயை உடைக்க ஆரம்பித்தார்கள்.

"யாரு?" என்று கேட்டார் சொக்கம்மை.

"மேல்கரைக் கீரைத் தோட்டக்காரங்க. கால்வாய்க் கரையை ஒட்டியே இருக்காங்களே, அவங்கதான். பட்டப்பகல்ல வந்து கல்லைப் பேக்குறாங்க தாயே! நான் அடைக்க, அவங்க உடைக்க, இதே பொழப்பாப் போச்சு. கடைசியில காவல் போட்டேன். நேத்து ஒருத்தன் கையும் களவுமா மாட்டினான். சுடலைக்கண்ணுன்னு பேரு. அவன் கடப்பாரைகூட வண்டியில கிடக்கு, சபையில காட்டணும்னு எடுத்து வச்சிருக்கேன்."

"அவன் என்ன சொல்றான்?"

"என்னத்தைச் சொல்றான்! 'எங்க ஊத்துக்கண்ணை அடைச்சிட்டீங்களே சாமி'ன்னு ஒப்பாரி வைக்கிறான். நான் அவன் கிணத்துப் பக்கமே போனதில்லை. கிணறு வத்தினா மழையைத் திட்டட்டும். என் கால்வாயை ஏன் உடைக்கணும்?"

"போன வருசம் மழை எப்படி?"

"நல்ல மழைதான்." சொல்லிவிட்டு ஆவுடையப்பன் ஒரு கணம் நின்றார். பிறகு கையை உதறினார். "அது கிடக்கட்டும். பேச்சை மாத்தாதீங்க."

"உடைக்கிறதுக்கு முன்னாடி யாரும் வந்து பேசலையா?"

"வாசல்ல வந்து நின்னாங்க. வேலை இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டேன். உண்மையிலேயே வேலை இருந்துச்சு தாயே, கால்வாய்ல கசிவு பார்த்துக்கிட்டிருந்தேன்."

சொக்கம்மை ஒரு கல்லை எடுத்து வாசல் பக்கம் எறிந்தார்.

ஆவுடையப்பனுக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஊர்த் தண்ணீர் சம்பந்தமான கட்டுமானம் எதை உடைத்தாலும் உடைத்தவனுடைய நிலம் பறிமுதல், அவன் குடும்பத்தோடு மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போகவேண்டும். இது சட்டம். சட்டத்தை எழுதிக் கொடுத்ததும் அவர்தான். அன்று சாயங்காலம் சபையில் அவர் முத்திரை வைத்தால் சுடலைக்கண்ணுவின் தோட்டம் போச்சு, கைக்குழந்தையோடு அவன் பெண்டாட்டியும் தெருவுக்கு வந்துவிடுவாள்.

"முத்திரை வைக்கிறதுல எனக்குத் தயக்கம் ஒண்ணுமில்லை. ஆனா இவனைத் துரத்தினா நாளைக்கு இன்னொருத்தன் கடப்பாரையோட வருவான். அவனைத் துரத்தினா அவன் மச்சான் வருவான். ஊருக்கு நல்லது பண்ணியிருக்கேன், அது இந்த ஜனங்க மண்டையில ஏற மாட்டேங்குது. எப்படித்தான் புரிய வைக்கிறது? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, நான் போறேன்."

சொக்கம்மை முறத்தைக் கீழே வைத்தார்.

"சாப்பிட்டீங்களா?"

"தாயே!"

"சாப்பிட்டீங்களான்னுதானே கேட்டேன். அதுக்கு எதுக்குக் கத்துறீங்க? வெறும் வயித்துல பதில் கேட்டா உள்ள போகாது. இலை அறுத்துக்கிட்டு வாங்க."

அந்த மடத்தில் அது ஒரு வழக்கம். யார் சாப்பிட வந்தாலும் தன் இலையைத் தானே அறுத்துக்கொண்டு வரவேண்டும். செட்டியாரானாலும் சரி, பிச்சை கேட்டு வந்தவரானாலும் சரி. கிணற்றடிக்குப் பின்னால் வாழைக் கூட்டம் ஒன்று உண்டு. கூட்டம் என்றால் சும்மா இல்லை, உள்ளே ஆள் நுழைந்தால் வெளியே தெரியாது. திருவிழாப் பந்திக்கே அங்கிருந்துதான் இலை.

ஆவுடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு அரிவாளை எடுத்தார். பதில் கேட்க வந்தவனை இலை அறுக்க அனுப்புகிற குரு இந்த உலகத்தில் வேறு எங்காவது உண்டா என்று முணுமுணுத்துக்கொண்டே கிணற்றடிக்கு வந்தார்.

வந்தவர் முதலில் பார்த்தது தொட்டியை.

கிணற்றடியில் பெரிய கல்தொட்டி ஒன்று இருந்தது. காலையில் இறைத்து நிரப்பினால் மாலைக்குள் ஒரு சாண் குறைந்துவிடும். அடியில் ஒரு விரிசல். வருகிறபோதெல்லாம் அந்த விரிசல் ஆவுடையப்பன் கண்ணை உறுத்தும். மாசி மாதம் வந்திருந்தபோது அவருக்குப் பொறுக்கவில்லை. யாரையும் கேட்காமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுண்ணாம்பைக் கடுக்காய்த் தண்ணீரிலும் கருப்பட்டியிலும் குழைத்துத் தன் கையாலேயே பூசிவிட்டுத்தான் போனார்.

இப்போது குனிந்து தடவிப் பார்த்தார். காய்ந்த எலும்பு மாதிரி இருந்தது. தண்ணீர் விளிம்புவரை நின்றது. அத்தனை எரிச்சலிலும் மனசு கொஞ்சம் குளிர்ந்தது. இந்த ஊரில் உருப்படியாக நடந்த காரியம் இது ஒன்றாவது இருக்கிறதே!

நிமிர்ந்து வாழைப் பக்கம் திரும்பினார்.

வாழை இல்லை. இருந்தது, ஆனால் அதை வாழை என்று சொல்ல முடியாது. தண்டெல்லாம் சுருங்கிச் சாய்ந்திருந்தன. இலைகள் பழுப்பாகக் கிழிந்து தொங்கின. ஓரத்தில் ஒரே ஒரு கன்று மட்டும் கொஞ்சம் பச்சை காட்டிக்கொண்டிருந்தது, அதன் இலையில் ஒரு கை சோறுகூட வைக்க முடியாது.

ஆவுடையப்பனுக்கு வந்த கோபத்தைப் பார்க்கணுமே! அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு மடைப்பள்ளிக்கே போனார். அங்கே சமையற்காரர் பிச்சாண்டி குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். சொக்கம்மையும் அரிசியோடு அங்கே வந்திருந்தார்.

"இப்படியா காய விடுறது? தொட்டி நிறையத் தண்ணியை வச்சுக்கிட்டு? இந்த மடத்துல வாழைக்குத் தண்ணி ஊத்துறது யாரு?"

சொக்கம்மையும் பிச்சாண்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாரும் ஊத்தினதே இல்லையே" என்றார் சொக்கம்மை.

"ஊத்தாம எப்படி அவ்வளவு செழிப்பா இருந்துச்சு?"

"அதான் எங்களுக்கும் தெரியாம இருந்துச்சு. மாசி வரைக்கும்."

ஆவுடையப்பன் அரிவாளைத் தோளிலிருந்து இறக்கினார்.

பிச்சாண்டிக்கு இதற்கு மேல் தாங்கவில்லை. கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "அந்த ஒத்தைக் கன்னு இருக்கே, அது நான் குடம் குடமாச் சுமந்து காப்பாத்தினதுங்க. இந்த இடுப்பு போச்சு. மத்ததை எல்லாம் காப்பாத்தணும்னா சமையல் யாரு பண்ணுவா? நீங்களா?"

"சொல்லி அனுப்பியிருக்கலாமே!"

"அனுப்பினேனே" என்றார் சொக்கம்மை. "வாழை வாடுது, ஒரு எட்டு வந்து பாருங்கன்னு ஆள் அனுப்பினேன். கால்வாய்ல கசிவு பார்த்துக்கிட்டிருக்கேன், நேரமில்லைன்னு பதில் வந்துச்சு."

ஆவுடையப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கால்வாய் நெடுகத் தான் பூசிய காரை, அதை ஒட்டினாற்போல் மேல்கரைக் கிணறுகள், நேற்று தன் காலைப் பிடித்துக்கொண்டு அழுத அந்த ஆள், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து முன்னால் நின்றன. ஊற்றுக்கண்ணை அடைத்துவிட்டீர்களே என்று அவன் தெளிவாகத்தான் சொல்லியிருந்தான்.

ஆனாலும் அவர் லேசில் விடுகிற ஆளா?

"அப்போ வடக்குத் தெருவுல தொண்டை காயட்டும்கிறீங்களா? அங்கேயும் கைக்குழந்தை இருக்கு தாயே. அதுங்களும் குடிக்கணும்."

"குடிக்கத்தான் வேணும்."

"அதுக்கும் ஊத்தி, இதுக்கும் ஊத்த, நான் தண்ணிக்கு எங்கே போவேன்?" அரிவாளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். "எத்தனை கோடை ஆச்சு இதையே நினைச்சுத் தூக்கம் போய்! இருக்கிறதே ஒரு ஏரி. ஆளாளுக்கு என்னைப் போட்டுப் பிய்க்கிறீங்களே!"

சொக்கம்மை அரிசியைக் களைந்தார். களைந்த தண்ணீரைச் சன்னல் வழியாகக் கவிழ்த்தார். வெளியே இருந்த முருங்கையின் தூரில் அது விழுந்தது.

"வடக்குத் தெரு குளிச்ச தண்ணி எங்கே போகுது?"

"ஓடையில."

"ஓடை?"

"நேரா கடலுக்கு." சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

"மேல்கரைக்கு அதைத் திருப்ப முடியுமா, மண்ணுல வடிச்சுக் கீரைக்குப் பாய்ச்சலாமா, அதெல்லாம் எனக்குத் தெரியாது. அதிகாரி நீங்க. நான் அரிசி களையத்தான் லாயக்கு. நல்லா இருந்த வாழையையும் போக்கிட்டு நிக்கிறோம். இப்போ எதுல சாப்பிடப் போறீங்க? கையை நீட்டுங்க, குழம்பை ஊத்துறேன்."

"வேண்டாம்."

"பசிக்கலையா?"

ஆவுடையப்பன் விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்றுதான் பிச்சாண்டி நினைத்தார். ஆனால் ஆவுடையப்பன் வண்டியிலிருந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். கூடத்தைத் தாண்டி, மடைப்பள்ளியைத் தாண்டி நேராகக் கிணற்றடிக்குப் போனார்.

முதல் குத்தில் ஒன்றும் ஆகவில்லை. அவர் பூசிய காரை, பின்னே எப்படி இருக்கும்? தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி குத்தினார். கடுக்காயும் கருப்பட்டியும் சேர்ந்த அந்தக் காரை சீக்கிரத்தில் விடுவதாயில்லை. வேட்டியெல்லாம் சுண்ணாம்பு. கை கொப்பளித்தது. கடைசியில் ஒரு சில்லு பெயர்ந்தது, அப்புறம் ஒரு பாளமே கழன்று விழுந்தது. விரிசல் தெரிந்தது. கல்லின் மேல் ஈரம் மெல்லப் படர்ந்து, ஒரு நூலாக வழிந்து, வாழை இருந்த பக்கம் மண்ணுக்குள் இறங்கியது.

"அப்பாடா" என்றார் பிச்சாண்டி, இடுப்பைத் தடவிக்கொண்டு.

ஆவுடையப்பன் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். உடம்பெல்லாம் வேர்வை. முகத்தில் மட்டும் காலையில் இருந்த சூடு இல்லை. ஒழுகுகிற தொட்டியைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

சொக்கம்மை வந்து குனிந்து பார்த்தார். வழிகிற தண்ணீரில் விரலை நனைத்துக்கொண்டார்.

"இந்தக் கடப்பாரை யாரோடது?"

"சுடலைக்கண்ணுவோடது."

"தொட்டி?"

"மடத்துத் தொட்டி. ஊர்ப் பொதுதான்."

"உடைச்சது?"

ஆவுடையப்பனின் கை இடுப்பு மடிப்பில் இருந்த முத்திரையின் மேல் தானாகப் போயிற்று.

"வீட்டம்மாகிட்ட மூட்டை கட்டச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார் சொக்கம்மை.