நாற்பதாவது ஏரி

முதலில் காதில் விழுவது குரல்தான். மேல்மாடத்துத் திரைச்சீலை விலகும் முன்பே கீழே கோட்டைப் பள்ளியில் ஐம்பது தொண்டைகள் ஒன்றாய் இழுக்கும் ராகம்: "முதலாம் ஏரி மாங்குடி, மூவாள் ஆழம் நீருண்டு..." அதைக் கேட்டபடிதான் கோட்புலி ராஜா கண் திறப்பார்.

அந்த ராஜா காரி நாட்டை ஆண்ட நாளிலே, எழுத்துக்கு முன்னால் ஏரிப்பாட்டு என்று பள்ளிகளுக்குச் சட்டம் இருந்தது. நாட்டில் நாற்பது ஏரி, பாட்டில் நாற்பது அடி. வாய் திறக்காத பிள்ளைக்குப் பிரம்படி. பாட்டு முழுசாக முடிந்தால் நாடு நன்றாக இருக்கிறது என்று ராஜா பல் துலக்கப் போவார்.

ஒரு நாள் முப்பத்தொன்பதாம் அடியோடு பாட்டு நின்றுவிட்டது.

"மிச்சம் எங்கே?" என்று ராஜா கத்தினார். மறுநாளும் நின்றது. மூன்றாம் நாள் கோட்டைப் பள்ளியின் பிள்ளைகளை அவைக்கு இழுத்து வந்தார்கள். முன்னால் நின்றவள் உமையாள், வேளார் தெருப் பெண், வயது பதின்மூன்று. குயவர் வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டது நாட்டிலேயே அந்த ஒரு பள்ளிதான். அவள் கால் கட்டைவிரலைத் தரையில் அழுத்திக்கொண்டாள்.

பள்ளிகளுக்கெல்லாம் மேலதிகாரி பரமேட்டியார். நாற்பது அடியையும் பின்னாலிருந்து முன்னால் சொல்லிப் பட்டம் வாங்கியவர். இந்தப் பள்ளியின் பேச்சை எடுத்தாலே அவருக்கு வயிறு எரியும்.

"பார்த்தீரா மகாராஜா! மண் மிதிக்கிற கூட்டத்துக்கு ஏடு கொடுத்தால் இப்படித்தான். பள்ளியை இழுத்து மூட உத்தரவு கொடுங்கள்."

"ஏன் பெண்ணே, பாடவில்லை?" என்றார் ராஜா.

"நாற்பதாவது நாரைக்கண் ஏரி, மகாராஜா. நாங்க நாலு பேர் போன மாசம் அங்கே நடந்து போனோம். அதுக்கப்புறம் அந்த அடி வாயிலே வரமாட்டேங்குது. பார்த்ததுக்கு மாறாப் பாடுறதில்லேன்னு எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டோம்."

"முடிவு பண்ணிவிட்டார்களாம்!" பரமேட்டியார் சிரித்தார். "என் பாட்டனார் படித்த பாட்டு இது. நாரைக்கண், நாலாள் ஆழம் நீருண்டு. ஏட்டில் இருக்கிறது."

"ஐயா அந்த ஏரியைப் பார்த்திருக்கீங்களா?"

"ஏட்டில் இருக்கிறது என்கிறேனே, போய் வேறு பார்க்க வேண்டுமா?"

ஓரமாய் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த அமைச்சர் இளவெயினர் மெல்வதை நிறுத்தினார். உமையாளுக்கு அப்போதுதான் அந்த யோசனை தோன்றியது. ஏரியில் தண்ணீர் இல்லை என்று சொன்னால் அவள் வாய்க்கும் ஏட்டுக்கும் வழக்கு. ஏடுதான் ஜெயிக்கும்.

"மகாராஜா, வர்ற பௌர்ணமி உங்க பிறந்த நாள். நாரைக்கண்ணிலே ஓடம் விடுங்க. உங்க ஓடம் தண்ணியைத் தொட்ட நொடியிலே நாங்க ஐம்பது பேரும் கரையிலே நின்னு நாற்பதாம் அடியை நூறு தடவை பாடுறோம். பாடலேன்னா பள்ளியை மூடிடுங்க."

ராஜாவுக்கு ஓடம் என்றால் பச்சைப்பிள்ளைக் குணம். "ஆகட்டும்!" என்று தொடையைத் தட்டினார்.

"பரமேட்டியாரே, உமக்குச் சம்மதந்தானே?" என்று அமைச்சர் பவ்யமாகக் கேட்டார். "நாலாள் ஆழம் என்கிறீர். மகாராஜாவுக்கு நீச்சல் வேறு தெரியாது."

"நான் கூடவே ஓடத்தில் வருகிறேன், ஐயா!"

பௌர்ணமியன்று ராஜா ஊரிலேயே ஓடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பதினாறு பேர் தோளில் சுமந்தார்கள். சுற்றிலும் பட்டுத்திரை, உள்ளே திண்டு, மடியில் ஏட்டோடு பரமேட்டியார். நடுப்பகலில் நாரைக்கண்ணில் ஓடத்தை மெள்ள இறக்கினார்கள். ராஜா ஆசையோடு துடுப்பை வெளியே நீட்டி ஓங்கி ஒரு தள்ளு தள்ளினார்.

டொக்.

இன்னொரு தள்ளு. டொக். திரையை விலக்கினார்.

கண்ணுக்கெட்டிய தூரம் பாளம் பாளமாய் வெடித்த களிமண். எருக்கும் கருவேலமும். வெடிப்புக்குள் கையை விட்டு ஓர் ஆட்டுக்குட்டியை மீட்டுக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி, ஓடத்துக்குள் உட்கார்ந்திருந்த ராஜாவை நிமிர்ந்து பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. கரையில் ஐம்பது பிள்ளைகளும் வாய்மூடி நின்றார்கள்.

"எத்தனை நாளாக இப்படி?" என்று ராஜா அந்த அம்மாளைக் கேட்டார்.

"ஒன்பது வருசமாச்சு சாமி," என்றாள் அந்த அம்மாள். "உங்க அரண்மனை அன்னக்குளத்துக்கு இந்த ஏரி வாய்க்காலைத் திருப்பினாங்களே, அப்பத்திலேர்ந்து."

"என்னிடம் ஏன் வந்து சொல்லவில்லை?"

"மூணு தடவை வந்தோம். பாட்டிலே தண்ணி இருக்குதே, பொய் சொல்ல வந்தீங்களான்னு இந்த ஐயாதான் விரட்டி விட்டார். மூணாந்தடவை வந்தப்போ என் வீட்டுக்காரர் திரும்பற வழியிலேயே விழுந்து செத்துப் போய்ட்டார்."

பரமேட்டியார் ஏட்டைப் பிரித்தார், மூடினார், மறுபடி பிரித்தார். ராஜா அதை வாங்கி நாற்பதாம் ஓலையை உருவி அவர் கையிலேயே கொடுத்தார்.

"இங்கேயே இரும். வாய்க்கால் திரும்பி, தண்ணீர் வந்து, நீர் அதைக் கண்ணால் பார்த்த பிறகு இந்த ஓலையோடு ஊருக்கு வாரும். அதுவரை மண்கூடை சுமக்க வேண்டியது." ஓடத்தை விட்டு இறங்கியபடி சொன்னார்: "வாய்க்காலைத் திருப்பச் சொன்னது நான். என் குளம் நாளைக்கே வற்றட்டும்."

ஓடத்தில் ஏறாமல் நடந்தே திரும்பினார். பாதி வழியில் உமையாளைக் கூப்பிட்டார்.

"உனக்கு என்ன வேண்டும், கேள்."

"பள்ளி வேணும் மகாராஜா. வாய் திறக்கலேன்னு அடிக்கிற அந்தப் பிரம்பு வேண்டாம்."

"ஆகட்டும். இனி வருஷம் ஒருமுறை பிள்ளைகள் ஏரிகளை நடந்து பார்த்து வந்து பாட்டைத் திருத்தட்டும். வேறு?"

அவள் யோசித்தாள். அந்த அம்மாளின் புருஷனைத் திருப்பித் தரக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. ஒன்றும் வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

மறுநாள் பாட்டு முப்பத்தொன்பது அடியோடு முடிந்தது. மேல்மாடத்திலிருந்து "மிச்சம் எங்கே?" என்ற சத்தம் வரவில்லை. பிள்ளைகள் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு எழுத்துப் பழகும் மணலைச் சலிப்பது உமையாளின் முறை. சல்லடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.