நாலு மணிக்கு நிற்க வேண்டிய சர்வர்

"கோப்பு அனுப்புற சர்வர் நாலு மணிக்கு நிக்கணும். யாரோட கோப்பும் பாதியில அறுபடக் கூடாது. ஒண்ணு தவறினாலும் வேலை போயிடும்" என்று அதட்டினார் மேலாளர் தணிகாசலம்.

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் செண்பகவல்லி மூன்று மணிக்கே அதில் புதிதாக யாரும் நுழையாதபடி அடைத்தாள். உள்ளே இருப்பவர்கள் சீக்கிரம் முடிக்கும்படி மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பினாள். மேலாளருக்கு மட்டும் மின்னஞ்சலைத் திறக்கும் வழக்கமில்லை.

நாலு மணிக்கு ஒரே ஒரு கோப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"எந்த மடையன்மா அது? அறுத்து விடு!" என்று வந்து நின்றார் தணிகாசலம்.

"எனக்குக் கை வரலை சார். நீங்களே இந்தப் பட்டனை அழுத்திடுங்க."

குனிந்தவர் திரையில் தன் பெயரைப் பார்த்தார். மகளின் கல்யாண வீடியோ பாதிதான் ஏறியிருந்தது. விரல் அந்தரத்தில் நின்றது.

"அப்போ வேலை யாருக்கு சார் போகும்?"

தணிகாசலம் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார்.

"இது எப்பவும் ஒரு மணி நேரம் முன்னாடி ஓடும்மா."