கொழுப்பு எங்கே போகிறது?

செபஸ்தியான் இருபத்திரண்டு வருடம் எக்ஸ்ரே எடுத்தவர். நாற்பத்தொன்பது வயதில் எம்.ஆர்.ஐ. பழக வந்தார். கற்றுக்கொடுத்த நூர்ஜஹானுக்கு முப்பத்தொன்று. அவர் அவளை "டீச்சர்" என்பார். அவள் "அண்ணே" என்பாள்.

அன்று காலையிலிருந்தே அவருக்கு ஒரு உறுத்தல்.

"டீச்சர், உடம்புல இருக்கிற கொழுப்பைப் படத்துல இல்லாமப் பண்றோம். அது பொய் இல்லையா?"

"படத்துல கொழுப்பும் வெள்ளை, அடிபட்ட இடத்துல ஊறுற நீரும் வெள்ளை. ரெண்டும் கலந்துடும். கொழுப்போட அலைவரிசை கொஞ்சம் வேற அண்ணே. அதுக்கு மட்டும் ஒரு ரேடியோ துடிப்பு அனுப்பினா கொஞ்ச நேரம் அடங்கும். அதுக்குள்ள படம் எடுத்துடணும்."

"அடங்குறதுன்னா? எங்க போகுது அது?"

அதற்குள் கதவு திறந்தது. முத்தரசி நொண்டியபடி வந்தாள். கல்லூரி ஓட்டக்காரி. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நடிக்கிறாள் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டாராம். இதைச் சொன்னது கூடவே வந்த அவள் அம்மா செல்லத்தாய்.

"எங்க வலிக்குதும்மா?" என்று முத்தரசியைக் கேட்டாள் நூர்ஜஹான்.

"முட்டிங்க. சாப்பிடவே மாட்டேங்குறா. ராவெல்லாம் நான் தைலம் தேய்க்கிறேன்..." செல்லத்தாய் நிறுத்தவில்லை. மகள் இரண்டு முறை வாய் திறந்து மூடிக்கொண்டாள்.

நூர்ஜஹான் ஒரு படிவத்தை நீட்டினாள். "அக்கா, உங்க கையால நிதானமா எழுதித் தாங்க. ஒண்ணுகூட விட்டுடாதீங்க."

செல்லத்தாய் மகளை ஒட்டியே உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள்.

நூர்ஜஹான் முத்தரசியின் பக்கம் குனிந்தாள். "இப்ப நீ சொல்லு."

"முட்டி இல்லக்கா," முத்தரசியின் குரல் மிக மெல்ல வந்தது. கணுக்காலுக்குச் சற்று மேலே விரலை வைத்தாள். "இங்க. ரெண்டு மாசமா. அம்மா பயந்துடுவாங்கன்னு..."

நூர்ஜஹான் மருத்துவரிடம் போனில் கேட்டு, அந்த இடத்தையும் சேர்த்துக்கொண்டாள்.

முதல் படத்தில் எலும்புக்குள் முழுக்க மஜ்ஜைக் கொழுப்பின் வெள்ளை. அடுத்ததில் கொழுப்பு கறுத்தது. நடுவில் ஒரு வெண்திட்டு, அதன் குறுக்கே மயிரிழை போல ஒரு கோடு. இன்னும் ஒரு வாரம் ஓடியிருந்தால் எலும்பு முறிந்திருக்கும் என்றார் மருத்துவர். ஆறு வாரம் ஓய்வு, பிறகு ஓடலாம்.

வெளியே செல்லத்தாய் மகளின் தலையைத் தடவியபடி மறுபடி பேச ஆரம்பித்திருந்தாள். நூர்ஜஹான் அத்தனையையும் நின்று கேட்டுவிட்டு வந்தாள்.

"டீச்சர், கொழுப்பு எங்க போகுதுன்னு கேட்டேனே, நீங்க பதிலே சொல்லல."

"படிவம் எழுதுனப்ப அந்தக்கா எங்கேயும் போகலையே அண்ணே. பொண்ணு பக்கத்துலதான் கொஞ்ச நேரம் அடங்கி உக்காந்திருந்தாங்க."