சோறு நிறுத்திய இரண்டு சொற்கள்

மாசிலாமணி வீசிய கரண்டி மடப்பள்ளிச் சுவரில் மோதி விழுந்தது.

கோபம் வராமல் என்ன செய்யும்? அந்த மலை மடத்தில் முப்பது வருஷம் சமைத்தவர். இன்று தீட்சை நிச்சயம் என்று ஈர வேட்டியோடு முதல் ஆளாக நின்றார். மடத்துத் தலைவர் திருமேனி அடிகளோ அவரைத் தாண்டிப் போய், வந்து மூன்றே வாரமான உலகம்மாளுக்குக் கொடுத்துவிட்டார். கல்லுடைத்துப் பிழைத்தவள் அவள்.

மாசிலாமணி விறுவிறுவென்று அடிகளின் அறைக்குள் நுழைந்தார். அடிகள் அவரைவிட இருபது வயது இளையவர், போன மாதம்தான் பொறுப்பேற்றவர்.

"சாமி, நான் என்ன குறை வச்சேன்? என் வாயிலேர்ந்து 'சந்தேகம்'னு ஒரு சொல் வந்திருக்கா?"

"வந்ததில்லை. அதைச் சொன்னவங்களுக்கு ஒரு வேளைச் சோத்தையும் நிறுத்தினீர்."

"ஆமா, நிறுத்தினேன். 'ஆச்சரியம்'னு சொன்னாலும் நிறுத்தினேன். எல்லாம் ஆண்டவன் செய்யறான்னு நம்பறவனுக்கு இந்த ரெண்டு சொல்லும் எதுக்கு?"

"இந்த உச்சியில சுனைக்குத் தண்ணி எங்கேர்ந்து வருது, மாசிலாமணி?"

"அவன் கொடுக்கறான்."

"எட்டிப் பார்த்ததுண்டா?"

"எதுக்குப் பார்க்கணும்? மொண்டு வந்து உலை வைப்பேன், அவ்வளவுதான்."

"உலகம்மாள் வந்த அன்னைக்கே, 'சந்தேகமா இருக்கு, யாரோ குடத்துல கொண்டுவந்து ஊத்தறாங்க'ன்னா."

"நாக்கைப் பாருங்க! அதான் சோத்தை நிறுத்தினேன்."

"பசியோட போய் பாறையில குப்புறப் படுத்தா. இடுக்குல கையை விட்டா. உள்ளேர்ந்து ஊத்து அவ விரலைத் தள்ளிச்சு. 'ஆச்சரியமா இருக்கே'ன்னு மலையே அதிரக் கத்தினா."

"அதுக்கும் நிறுத்தினேன். சட்டம்னா சட்டம்."

"நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். நனைஞ்ச கையைத் தலைக்கு மேல கூப்பி அழுதுக்கிட்டிருந்தா. இந்த மடத்துல அப்படி ஒரு கும்பிடு நான் பார்த்ததில்லை."

மாசிலாமணிக்கு முகம் சிவந்தது. "அப்போ என் முப்பது வருஷக் கும்பிடு?"

அடிகள் சட்டென்று எழுந்தார். அவர் குரல் உயர்ந்து அதுவரை யாரும் கேட்டதில்லை.

"போய் அந்த இடுக்குல கையை விடும். இன்னைக்கு உமக்குச் சோறு கிடையாது."

"எனக்கா? எந்தக் குத்தத்துக்கு?"

"முப்பது வருஷமா அந்த ரெண்டு சொல்லுல ஒண்ணைக்கூடச் சொல்லாத குத்தத்துக்கு."