சடையப்பன் முதுகு தேய்த்த டிராக்டர்

குளத்தங்கரைப் பலாத் தோப்பில் சடையப்பன் என்றொரு கரடி குடியிருந்தான். அவனுக்குத் தேன் பிடிக்கும். தூக்கம் பிடிக்கும். எல்லாவற்றையும்விடச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு பிடிக்கும். அதனால் பலா மரங்களுக்கு நடுவே கிடந்த நிலத்தில் வருஷா வருஷம் கிழங்குக் கொடி நடுவான்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. கோடை முடிந்து முதல் இடி இடிப்பதற்குள் நிலத்தை உழுதுவிட வேண்டும். உழாமல் கிடந்தால் அந்த வருஷம் முழுக்க அது காட்டுப்பன்றிகளுக்குச் சொந்தம். மூக்கால் கிண்டிக் குதறிவிடும். ஏன் என்று யாரும் கேட்க முடியாது!

இத்தனை நாளும் சடையப்பன் தன் நகத்தாலேயே நிலத்தைக் கிளறி வந்தான். இந்த வருஷம் நகமெல்லாம் தேய்ந்துவிட்டது. வானத்திலோ மேகம் திரளத் தொடங்கிவிட்டது. கோரைப்பல்லன் என்ற பன்றி தன் கூட்டத்தோடு வந்து வேலி ஓரமாக உட்கார்ந்துகொண்டான்.

"என்ன மாப்ளே, நகத்துக்கு மருதாணி வெச்சிருக்கியா? வேலை ஒண்ணும் நடக்கலையே!" என்றான் கோரைப்பல்லன். கூட்டமே உர் உர் என்று சிரித்தது.

"போங்கடா! நாளைக்கே டிராக்டர் ஓட்டி உழுது காட்டுறேன்!" என்றான் சடையப்பன்.

ரோஷத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டான். சொன்ன பிறகு செய்தாக வேண்டுமே! மறுநாள் விடிந்ததும் அவனும் அவன் மனைவி தேனாத்தாளும் சேர்த்துவைத்த தேனடைகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போனார்கள். அங்கேதான் ஊசியப்பன் என்ற முள்ளம்பன்றி டிராக்டர் கொட்டகை வைத்திருந்தான்.

கொட்டகையில் இரண்டே வண்டிகள் நின்றன. ஒன்று பழையது. யானை மாதிரி உயரம். சிவப்புச் சாயம் வெயிலில் வெளுத்துச் செங்கல் நிறமாகியிருந்தது. மட்கார்டு இரும்பு, சீட்டும் இரும்பு. மற்றது புத்தம் புதுசு. பச்சை நிறம், குட்டைச் சக்கரம், ஒல்லி உடம்பு. அதன் பானெட்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம். அப்படியொரு பளபளப்பு!

"பழசு புங்கெண்ணெயை மொடக்கு மொடக்குன்னு குடிக்கும். ஆனா எந்தக் கெட்டி மண்ணையும் பொளந்துடும்" என்றான் ஊசியப்பன். "புதுசுக்குக் கொஞ்சம் ஊத்தினாப் போதும். சந்து பொந்தெல்லாம் நுழையும். பாறை மாதிரி மண்ணுன்னா மட்டும் திணறும். உங்க நிலம் எப்படி?"

"நமக்குத் தோப்புங்க" என்று தேனாத்தாள் ஆரம்பித்தாள். "மரமெல்லாம் நெருக்கமா..."

"இரு, இரு! வண்டி பார்க்கிறது எப்படின்னு எனக்குத் தெரியும்" என்று இடைமறித்தான் சடையப்பன்.

கரடிகளுக்கு ஒரு பழக்கம். எந்த மரத்தடியில் குடியேறலாம் என்று தெரிந்துகொள்ள, முதலில் அந்த மரத்தில் முதுகைத் தேய்த்துப் பார்க்கும். சுகமாகச் சொறிந்தால் அதுதான் நல்ல மரம். சடையப்பன் புது டிராக்டரில் முதுகைத் தேய்த்தான். வழுக்கிக்கொண்டு போய்த் தொப்பென்று தரையில் உட்கார்ந்தான். அடுத்து, பழைய டிராக்டரின் மட்கார்டில் சாய்ந்து தேய்த்தான். கரகர... கரகர... துரு ஏறிய இரும்பு! ஆகா! கண் சொக்கியது. ஒரு கால் தானாக ஆடியது.

"இதுதான் வண்டி! எனக்கு இதுதான் வேணும்!"

"என்னங்க, நீங்க முதுகை உழப்போறீங்களா, நிலத்தை உழப்போறீங்களா?" என்றாள் தேனாத்தாள்.

"உனக்கு இதெல்லாம் புரியாது!"

அப்போது திம்மராசு வந்து சேர்ந்தான். மேட்டு வெளியின் கெட்டி மண்ணில் சோளம் போடுகிற காட்டெருமை அவன். அவனும் டிராக்டர் வாங்கத்தான் வந்திருந்தான். வண்டி பார்ப்பதில் அவன் சடையப்பனையே மிஞ்சிவிட்டான்! புது வண்டியின் பானெட்டில் அவனுடைய கொம்புகள் இரண்டும் மின்னின. இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான், மயங்கிவிட்டான்.

"ஏப்பா ஊசி, இது எனக்கு!"

"அவங்கவங்க இஷ்டம்" என்று சொல்லி, தேனடைகளையும் சோளக் கதிர்களையும் வாங்கி உள்ளே வைத்தான் ஊசியப்பன்.

பழைய டிராக்டர் டுபு டுபு என்று காடே அதிரக் கிளம்பியது. குரங்குகள் கிளைக்குக் கிளை தாவிக்கொண்டு கூடவே வந்தன. சடையப்பன் இரும்புச் சீட்டில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். தோப்பை நெருங்கும்போது சைலன்சர் ஒரு வெடி வெடித்தது.

படார்!

"இடி இடிச்சாச்சு! வாங்கடா!" என்று கத்திக்கொண்டு பன்றிகள் வேலியைத் தாண்டி நிலத்துக்குள் குதித்தன.

"ஏய், ஏய்! அது இடி இல்லைடா, என் வண்டிச் சத்தம்! வெளியே போங்க!" என்று பதறினான் சடையப்பன்.

கோரைப்பல்லன் அண்ணாந்து பார்த்தான். மேகம் சும்மாதான் நின்றது. "வண்டியா வாங்கியிருக்கே, வாணவேடிக்கையில்ல வாங்கியிருக்கே!" என்று முணுமுணுத்துக்கொண்டு வேலிக்கு வெளியே போனான்.

சடையப்பன் டிராக்டரைத் தோப்புக்குள் விட்டான். முதல் இரண்டு மரங்களுக்கு நடுவிலேயே அது சிக்கி நின்றது. பின்னால் எடுத்து வேறு இடைவெளியில் விட்டான். அங்கேயும் இடித்தது. மூன்றாவது இடத்தில் மோதிய வேகத்தில் பழுத்த பலாப்பழம் ஒன்று விழுந்து அவன் மடியிலேயே பிளந்தது. பன்றிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன.

சடையப்பன் கோபத்தோடு இறங்கிக் கோடரியை எடுத்தான். "இந்த ஒரு மரத்தை வெட்டிட்டா வழி கிடைச்சிடும்!"

தேனாத்தாள் ஓடிவந்து மரத்தைக் கட்டிக்கொண்டாள். "இதை வெட்டினா அடுத்தது இடிக்கும். அதையும் வெட்டுவீங்க. வண்டி உள்ளே வந்து சேரும்போது தோப்பு எங்கே இருக்கும்?"

கோடரி கீழே விழுந்தது. சடையப்பன் அப்படியே மண்ணில் உட்கார்ந்தான். போன வருஷத்துக் கொடிகள் காய்ந்து சருகாகக் கிடந்தன. நாளைக்கு இந்த மண்ணில் பன்றிகள் புரளும். அவனுக்கு அழுகை வந்தது. பன்றிகள் பார்க்குமே என்று, கொட்டாவி விடுகிற மாதிரி முகத்தை மூடிக்கொண்டான்.

"எழுந்திரிங்க. வண்டியைத் திருப்புங்க" என்றாள் தேனாத்தாள்.

"ஊசியப்பன் திருப்பி எடுத்துக்க மாட்டான்டி."

"அவன்கிட்ட யார் போறா? மேட்டு வெளிக்கு விடுங்க. அங்கே ஒருத்தர் பாடு எப்படியிருக்குன்னு பார்த்துட்டு வரலாம்."

அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. பாதி வழியில் ஓடைப் பக்கம் திம்மராசே எதிரே வந்தான். அந்தக் குட்டி டிராக்டரில் அவன் முழங்கால் இரண்டும் காதைத் தொட்டுக்கொண்டிருந்தன.

"எங்கேண்ணே கிளம்பிட்டீங்க?" என்று கேட்டான் சடையப்பன்.

"சும்மா, காத்து வாங்க. நீ?"

"நானும் காத்து வாங்கத்தாண்ணே."

இருவரும் மரங்களைப் பார்த்தார்கள். ஒரு இலைகூட அசையவில்லை.

"வண்டி எப்படிண்ணே?"

"தங்கம்! ஆனா இந்தக் கிழட்டு வண்டியோட உன்னைப் பார்த்தா எனக்குப் பாவமா இருக்கு. வேணும்னா மாத்திக்கலாம். உனக்காகத்தான்!"

"அய்யோ, உங்களுக்கு ஏண்ணே சிரமம்! நீங்க கால் மடங்கிக் கிடக்கிறதைப் பார்த்து நான்தான் மாத்திக்கலாம்னு நெனச்சேன். உங்களுக்காகத்தான்!"

"ரெண்டு பேரும் கீழே இறங்குங்க!" என்று அதட்டினாள் தேனாத்தாள். "மழை வரப்போகுது, இங்கே நின்னு பெருமை அளந்துக்கிட்டு! எங்க வண்டி தோப்புக்குள்ளே நுழையலை. உங்க வண்டி மேட்டு மண்ணைக் கீறலை. அதானே சேதி?"

திம்மராசு தலையைத் தொங்கப்போட்டான். "கீறலைதாம்மா. கோழி சீய்ச்ச மாதிரி இருக்கு."

"எனக்குப் பலாப்பழம்தாண்ணே மடியில விழுந்துச்சு" என்றான் சடையப்பன்.

திம்மராசு அவன் மடியைப் பார்த்தான். சுளை இன்னும் ரோமத்தில் ஒட்டியிருந்தது. முதலில் அவன் சிரித்தான், பிறகு சடையப்பன் சிரித்தான். அவர்கள் சிரித்த சிரிப்பில் ஓடைத் தவளைகள் தண்ணீருக்குள் குதித்துவிட்டன.

வண்டிகள் கை மாறின. பச்சை டிராக்டர் பலா மரங்களுக்கு நடுவே அணில் மாதிரி புகுந்து புகுந்து வந்தது. சடையப்பன் உழுதான், தேனாத்தாள் முன்னால் நடந்து கல்லைப் பொறுக்கினாள். மேகம் கறுத்தது. பன்றிகள் வேலிமேல் மூக்கை வைத்துக்கொண்டு வானத்தையும் நிலத்தையும் மாறி மாறிப் பார்த்தன. "இடிங்க சாமி, இடிங்க!" என்று கோரைப்பல்லன் கெஞ்சினான்.

குளக்கரை மூலையில் கடைசி உழவுச்சாலையும் ஓட்டிவிட்டுச் சடையப்பன் வண்டியை நிறுத்தினான். அவன் கீழே இறங்கிய பிறகுதான் மின்னல் வெட்டி, வானம் டமார் என்று இடித்தது.

பன்றிகள் நிலத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன. உழாத மண் ஒரு கைப்பிடிகூட இல்லை.

"ஒரு மூலையாவது விட்டுவெச்சிருக்கலாம்ல மாப்ளே!" என்றான் கோரைப்பல்லன் அழாத குறையாக.

"கிழங்கு தோண்டுற அன்னைக்கு வாங்கடா. வயிறு நிறையப் போடுறேன்!" என்றான் சடையப்பன்.

மழை கொட்டியது. தேனாத்தாள் சேற்றில் குதித்தாள், சடையப்பன் அவளைச் சுற்றி ஆடினான். கொஞ்ச நேரத்தில் வெட்கத்தை விட்டுவிட்டுப் பன்றிகளும் வேலிக்கு வெளியே நின்று ஆடின. தூரத்து மேட்டில் டுபு டுபு என்று பழைய டிராக்டர் மழையிலும் கம்பீரமாக வீடு திரும்பும் சத்தம் கேட்டது.

பழையதோ புதியதோ, ஒரு பொருளை நம் ஆசையைக் கேட்டு வாங்காமல், அது செய்யப்போகும் வேலையைக் கேட்டு வாங்க வேண்டும்.